பதிவேட்டில் செத்த ஒன்பது எலிகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் ஆய்வு நிலையத்தில் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். வைரஸின் மரபணுவை வெட்டி ஒட்டி, புற்றுச் செல்லை மட்டும் தேடித் தின்னும்படி பழக்குகிறவர்கள் நீங்கள். என் காலத்தில் எங்களிடம் இருந்தவை கோழி முட்டை, கண்ணாடி ஊசி, அடிக்கடி நின்றுபோகிற மின்சாரம். இதிலிருந்து உங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். பிறகு, போன மாதம் உங்களில் ஒரு பெண் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எதிர்பார்த்தபடி வராத முடிவு ஒன்றைப் பார்த்து வெளிறிப்போய் நின்றதைக் கண்டேன். அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். அதற்காகத்தான் எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்படும்படி ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்துக்கு வெளியே, முசரவாக்கம் போகும் வழியில், ஒரு பழைய நெல் கிடங்கில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. அறுவை மருத்துவராக இருந்து அலுத்துப்போன ஒருவர், தன் பிடிவாதத்தால் மட்டுமே நடத்திய கூடம் அது. அவரை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். நான் விலங்கியல் படித்துவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவார்கள். எலிகளுக்குச் சாயத்தால் அடையாளம் வைக்கும் வேலை அதனாலேயே என் தலையில் விழுந்தது.

நாங்கள் வளர்த்த வைரஸ், கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் உண்டாக்குவது. மூன்று நாளில் ஒரு ஊரின் கூண்டுகள் அத்தனையையும் காலி செய்துவிடும். மனிதரை ஒன்றும் செய்யாது, அதிகம் போனால் கண் சிவக்கும். இந்த வைரஸை அடைகாத்த முட்டைக்குள் செலுத்தி, இருட்டறையில் விளக்குக்கு முன் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் கிளை கிளையாக ஓடும், நடுவே ஒரு கருப்புப் பொட்டு துள்ளும். வைரஸ் போன முட்டையில் நரம்புகள் கலைந்துபோய், பொட்டு அடியில் கிடக்கும். அப்படிச் செத்த முட்டையின் நீரை உறிஞ்சி எடுத்து, வயிற்றில் புற்றுநோய் ஏற்றிய வெள்ளைச் சுண்டெலிக்கு ஊசி போடுவோம். சாக வேண்டிய எலி சாகாது. வீங்க வேண்டிய வயிறு வீங்காது. இதை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கை கூசியது. ஒரு சாவை எடுத்து இன்னொரு சாவின் வாயில் திணிப்பதுபோல் இருந்தது.

வீட்டில் கோழி வளர்ப்பவர் யாரும் எங்களிடம் வேலைக்கு வரக்கூடாது என்பது டாக்டரின் சட்டம். உடையில் ஒட்டிக்கொண்டு வைரஸ் ஊருக்குள் போய்விடும் என்று பயந்தார். எலிகளைப் பார்த்துக்கொண்ட தேவசகாயம் இந்த வேலைக்காகத் தன் கோழிகளையெல்லாம் மாகறலில் இருந்த தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். முசரவாக்கத்துக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர். காலையில் கூண்டைக் கழுவும்போது கீர்த்தனை முணுமுணுப்பார். நான் ஊசி போடும்போது எலியைப் பிடித்துக்கொள்வது அவர்தான். அவர் பிடித்தால் எலி திமிறாது.

கூண்டுகள் இரண்டு. இடப்பக்கக் கூண்டில் பத்து எலிகள், தலை, முதுகு, வால் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு இடத்தில் சிவப்பு அடையாளம். புற்று ஏற்றிய மறுநாளே அவற்றுக்கு வைரஸ். வலப்பக்கக் கூண்டில் பத்து, அதேபோல் மஞ்சள் அடையாளம். அவற்றுக்கும் அதே புற்று, ஆனால் வைரஸ் கிடையாது, வெறும் முட்டை நீர்தான். வலப்பக்கம் செத்தால்தான் இடப்பக்கம் மருந்தால் பிழைத்தது என்று சொல்ல முடியும். உங்களுக்கு இது அரிச்சுவடி. ஒருநாள் தேவசகாயம் வலப்பக்கத்தைக் காட்டி, “இதுங்களுக்கு எப்பமா?” என்று கேட்டார். “இதுங்களுக்கு இல்லைங்க” என்று தொடங்கி, ஒப்பீடு என்றால் என்ன என்று பாடப் புத்தகம்போல் கால் மணி நேரம் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் நன்றாக விளக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வைகாசியில், எங்கள் கூடத்தைத் தொடர்ந்து நடத்தலாமா, மூடிவிடலாமா என்று முடிவு செய்ய மதராஸிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. குழு வரும் தேதி, கருட சேவை முடிந்து இரண்டு நாள் கழித்து. டாக்டர் மதராஸுக்குப் போய்விட்டார். போகும்போது, எலிகளின் பதிவேட்டைத் தட்டச்சு செய்து முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிடச் சொல்லியிருந்தார். தட்டச்சு செய்பவரோ குழு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே திருவிழா லீவில் போவதாக இருந்தார். எங்கள் வீட்டிலும் உறவுக் கூட்டம், பெண்பிள்ளை வீட்டில் இல்லாமல் எலிக் கூண்டோடு உட்கார்ந்திருந்தால் என் அம்மா சும்மா விடுவாளா?

புற்று ஏற்றி அன்று பன்னிரண்டாம் நாள். வலப்பக்கத்தில் ஒன்று செத்திருந்தது. மற்ற ஒன்பதும் வயிறு பானைபோல் வீங்கி, முடி சிலிர்த்து, மூலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இதே ஆய்வை அதற்கு முன் ஐந்து முறை செய்திருந்தேன். ஐந்து முறையும் பதினெட்டாம் நாளைத் தாண்டி வலப்பக்கத்தில் ஒன்றுகூட மிஞ்சியதில்லை. அதனால், நடக்கப்போவதை நானே எழுதினேன். தலை மஞ்சள், பதினான்காம் நாள் காலை. வால் மஞ்சள், பதினான்காம் நாள் மாலை. முதுகு மஞ்சள், பதினைந்து. இப்படியே பதினாறாம் நாளுக்குள் ஒன்பதும். பார்ப்பதற்கு உண்மைபோல் இருக்கட்டும் என்று சிலவற்றுக்கு நேரம்கூடப் போட்டேன். தட்டச்சு ஆனது, பதினேழாம் நாள் தபாலில் போகும்படி ஏற்பாடும் ஆனது.

தேவசகாயத்திடம், “செத்ததை இந்த ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு வையுங்க, நான் வந்து கிழிச்சுப் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கருட சேவை பார்த்தேன், விருந்தாளிகளுக்குச் சமைத்தேன். எலிகளின் ஞாபகமே வரவில்லை. பொய் எழுதிய உறுத்தலும் இல்லை. கொஞ்சம் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணிக்குக் கிடங்குக் கதவைத் திறந்தேன். பத்து மணிக்குக் குழு வருகிறது. வைகாசி வெயிலில் செத்த எலி வாடை மூக்கைத் துளைக்கும் என்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் நுழைந்தேன். வாடையே இல்லை. மேசைமேல் ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சாளரத்து வெளிச்சம் அதன் வழியாகச் சுத்தமாக மேசையில் விழுந்தது.

வலப்பக்கக் கூண்டில் ஒன்பது எலிகள் பின்னங்காலில் நின்று என்னைப் பார்த்தன.

தலை மஞ்சள் முகம் கழுவிக்கொண்டிருந்தது. அது செத்து ஐந்து நாள் ஆகிறது, என் கையெழுத்தில், நேரத்தோடு. வால் மஞ்சள் வேர்க்கடலையைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. வயிறுகள் ஒட்டிக் கிடந்தன. முடி படிந்து பளபளத்தது. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன், ஒவ்வொன்றின் சாவு நாளும் வரிசையாக ஞாபகம் வந்தது. கொறிக்கிற சத்தத்தைத் தவிர அந்தக் கிடங்கில் வேறு சத்தம் இல்லை. தேவசகாயம்கூட இல்லை. குழுவின் சாப்பாட்டுக்கு வாழையிலை வாங்க ஊருக்குள் போயிருந்தார்.

கூண்டு மாறிவிட்டதா என்று பார்த்தேன். இடப்பக்கத்தில் சிவப்பு பத்தும் இருந்தன. யாராவது வேறு எலிகளை விட்டுவிட்டார்களா? முதுகு மஞ்சளுக்கு அடையாளம் வைக்கும்போது என் கை நழுவி, காதோரம் ஒரு சொட்டு விழுந்திருந்தது. அந்தச் சொட்டு அப்படியே இருந்தது. அவைதான். அப்படியானால் ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றியது. நாங்கள் எலிக்கு எலி மாற்றி வளர்த்துவந்த புற்றே வீரியம் இழந்துவிட்டது. அது உண்மையானால் சிவப்பு எலிகள் பிழைத்ததற்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு வருட வேலை காற்று. குழு கூடத்தை மூடிவிடும். அதற்கு முன்னால், மூன்று மணி நேரத்தில், தபாலில் வந்த என் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கூண்டின் முன்னால் நிற்பார்கள்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வந்தது கோபம். சாகாமல் இருந்து என்னைக் காட்டிக்கொடுக்க வந்தவைபோல் அந்த எலிகள்மேல் கோபம்.

எப்படிச் செய்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வரிசையில் செய்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். பதிவேட்டில் எழுதியிருந்த வரிசையில். முதலில் தலை மஞ்சள், அடுத்து வால் மஞ்சள், பிறகு முதுகு. ஏன் அப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை, எந்த வரிசையாக இருந்தால் என்ன? ஆனால் என் கை அந்த வரிசையில்தான் போனது. ஏழாவது எலி என் விரலைக் கடித்தது. புற்று முற்றிய எலி கடிக்காது, அதற்குத் தெம்பு இருக்காது. அது தெரிந்தும் நிறுத்தவில்லை. ஒன்பதையும் காகிதத்தில் சுற்றி, நேராகக் கொண்டுபோய்ப் பின்கட்டு அடுப்பில் போட்டேன். எந்த எலி செத்தாலும் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று ஒன்றையும் கிழிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

குழு வந்தது, டாக்டரும் கூடவே வந்தார். காலிக் கூண்டைப் பார்த்தார்கள், சிவப்பு எலிகளைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், செத்ததை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வெயில் காலம், எரித்துவிட்டோம் என்றேன். சரி என்றார். வாழையிலையில் சாப்பாடு நடந்தது. கூடம் தொடரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதுவரை அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. விரலில் கட்டு இருந்ததால் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அதுவரை வெளியே சாப்பாட்டு வேலையில் இருந்த தேவசகாயம், எல்லோரும் போனபின் தீனித் தட்டோடு வலப்பக்கக் கூண்டுக்குப் போனார். தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்த ஒம்போதும் எங்கமா?”

“செத்துப்போச்சுங்க.”

“எப்படிமா? காலீல தீனி வெச்சப்ப நல்லா ஓடிக்கினு இருந்திச்சே!”

நான் சிவப்புக் கூண்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“அப்பன்னா நான்தான் கொன்னுட்டேன். சொல்லாம செஞ்சது தப்புதாம்மா. நீங்க வூட்டுக்குப் போன அன்னிக்கி, ஐஸ் பெட்டில மீதி மருந்து இருந்திச்சி. எடுத்து அதுங்களுக்கும் போட்டுட்டேன்.”

“எதுக்குங்க போட்டீங்க? நான் எவ்ளோ சொன்னேன்!”

“சொன்னீங்கமா. கேட்டேன். ஆனா ஒரே வரிசையில குந்த வெச்சிட்டு, பாதி எலைக்குப் போட்டுட்டு பாதி எலைய காயப் போடறது பந்தி வஞ்சனம்மா. எங்க ஜனத்த அந்த மாதிரி குந்த வெச்சிருக்காங்க. சின்ன வயசுல நானே குந்திக்கினு பாத்திருக்கேன். தெனமும் அதுங்க மூஞ்சில முழிச்சிக்கினு, என்னால முடியல. மூணு நாள்ல வயிறு வத்த ஆரம்பிச்சிச்சி. பொழச்சிக்கிச்சின்னு நெனச்சேன். கடைசில விஷமா போச்சே.”

நான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். நீங்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாங்கள் வைரஸ் போட்டது புற்று ஏற்றிய மறுநாள். எந்த நோயாளி மறுநாளே மருத்துவரிடம் வந்திருக்கிறார்? வயிறு வீங்கி, நடக்க முடியாமல், யாராவது தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அறுவை சிகிச்சை செய்த காலத்தில் டாக்டர் திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். தேவசகாயம் மருந்து போட்டது பன்னிரண்டாம் நாள். இரண்டு நாளில் சாக இருந்த எலிகளுக்கு. நாங்கள் கேட்கத் துணியாத கேள்வியை அவர் பரிதாபப்பட்டுக் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதிலை நான் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகிப் போட்டிருந்தேன்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். “உங்க மருந்தால சாகல” என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்லவில்லை. அவர் தன்னைக் கொலைகாரர் என்று நினைத்துக்கொள்ள விட்டுவிட்டேன். எலிகளைக் கொன்றது பயத்தில் செய்தது. இது நிதானமாகச் செய்தது.

அந்த வருடம் முழுவதும் வேறு பெயரில் அதே ஆய்வைத் திரும்பச் செய்தேன். பன்னிரண்டாம் நாள் வரை விட்டு, பிறகு வைரஸ். முதல் முறை எல்லாம் செத்தன. இரண்டாம் முறையும். வைரஸைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், புது முட்டை, பழைய முட்டை. மூன்றாம் முறையும் பதினேழாம் நாளில் கூண்டு காலி. அன்று தேவசகாயம் எந்தக் குப்பியிலிருந்து எடுத்தார், எவ்வளவு போட்டார் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் எலியைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். ஒவ்வொரு முறை சாகும்போதும், “என் கை ராசி சரியில்லமா, வேற யாரனா புடிக்கச் சொல்லுங்க” என்றார். காலையில் கூண்டு கழுவும்போது முணுமுணுப்பது நின்றுபோனது. கிடங்கில் அந்தக் கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். காலிக் கூண்டுப் பக்கமிருந்து வருவதுபோல் எனக்குத் தோன்றும். எழுந்துபோய்ப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

மூன்றாம் முறை முடிந்த மறுநாள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். சிவப்பு மையால் அந்த ஒன்பது வரியையும் ஒவ்வொன்றாக அடித்தார், எழுத்து தெரியும்படி மெல்லிய கோடாக. பேனாவை என்னிடம் நீட்டினார்.

“ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல உன் கையெழுத்து போடு.”

ஒன்பது கையெழுத்து. ஆறாவதில் என் பெயரே எனக்கு அந்நியமாகத் தெரிந்தது. அன்றே குழுவுக்கு அவர் கடிதம் எழுதினார், மேற்பார்வை தன்னுடையது, தவறும் தன்னுடையது என்று. நான் தடுத்தேன். “பத்தொன்பதாம் நாள் காலையில நீ ஏன் எனக்கு ஃபோன் பண்ணல தெரியுமா? நான் கத்துவேன்னு. அப்படி உன்னைப் பயப்பட வெச்சது யாரு?” என்றார். உங்களில் நாளைக்கு ஒரு கூடத்துக்குத் தலைமை ஏற்கப்போகிறவர்கள் இதை மட்டுமாவது மறக்காதீர்கள். மோசமான செய்தியை உங்களிடம் கொண்டுவர எவ்வளவு தைரியம் தேவைப்படுகிறது என்று அவ்வப்போது பாருங்கள். நிறையத் தேவைப்பட்டால் கோளாறு உங்களிடம்தான்.

சில மாதங்களில் கூடத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசி வாரம், கூண்டுகளைக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்த தேவசகாயத்தைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். முதலில் அவரிடம்தான் சொல்லியிருக்க வேண்டும், கடைசியில் சொன்னேன்.

“அந்த ஒன்பதும் தானா சாகலைங்க. நான்தான் கொன்னேன். நீங்க இலை வாங்கப் போயிருந்தப்ப.”

அவர் கயிற்று நுனியைப் பிரித்துப் பிரித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்ப, என் ஊசி கொல்லல?”

“இல்லைங்க.”

“ஒரு வருசமா நான் கோயில்ல இன்னா சொல்லி அழுதுக்கினு இருந்தேன் தெரியுமாமா உங்களுக்கு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. வேறு குரலில் கேட்டார்.

“பொழச்சிக்கிச்சாமா அதுங்க? நெசமாவே?”

“தெரியாதுங்க. நான் கிழிச்சுப் பார்க்கல. இனிமே யாருக்கும் தெரியாது.”

“நான் பாத்தேனே.” சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். “மூணா நாளு தலை மஞ்சள் தீனிக்கு எழுந்து வந்திச்சி. அஞ்சா நாளு எல்லாத்துக்கும் வயிறு எறங்கிச்சி. கடைசி நாளு காலீல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வெளையாடிக்கினு இருந்திச்சிமா. நான் பாத்தேன்.”

பதிவேட்டை எடுத்தேன். அடித்த ஒன்பது வரிகளுக்குக் கீழே இடம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, நாள் வாரியாக, அவர் பெயரைப் போட்டு, அவர் பார்த்ததை மட்டும் எழுதினேன். முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வரி, பத்தொன்பதாம் நாள், காலை ஐந்து மணி, ஒன்பதும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன.

“அஞ்சு இல்லமா” என்றார் தேவசகாயம். “மொத பஸ்ஸு போயி கொஞ்ச நேரம் ஆச்சி. அஞ்சே காலு.”

ஐந்தை அடித்து ஐந்தே கால் என்று திருத்தினேன். அவர் பேனாவை வாங்கி, தமிழில், எழுத்து எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.